என்ஆர்ஐசி எண்: சொல்லிக்கொடுத்த பாடமும் விட்டுப்போன பாடமும்

2024 டிசம்பர் 9ஆம் தேதி சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ரா, தன் புதிய பிஸ்ஃபைல் தளத்தைத் திறந்தது. அதில் ஆட்களைத் தேட ஒரு பெட்டி இருந்தது. பெயரை இட்டால் அந்தப் பெயருடையவரின் அடையாள அட்டை எண், அதாவது என்ஆர்ஐசி எண், முழுதாக வந்து நின்றது, அதுவும் இலவசமாக. பழைய தளத்தில் அதே இடத்தில் எண்ணின் ஒரு பகுதிதான் தெரியும். சில நாளில் விஷயம் ஃபேஸ்புக்கில் வெடித்தது. 13ஆம் தேதி இரவு தேடல் வசதியை நிறுத்திவிட்டார்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு 2,000, 3,000 தேடல் நடக்கும் இடத்தில், அந்த ஐந்து நாளில் 5 லட்சத்துக்கும் மேல் தேடியிருந்தார்கள்.

மறுநாள் மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு ஓர் அறிக்கை விட்டது. மக்களுக்குக் கோபத்தைவிடக் குழப்பத்தை அதிகமாகக் கொடுத்தது அந்த அறிக்கைதான். அடையாள அட்டை எண் ரகசியம் இல்லை, பெயரைப் போல அதுவும் ஆளைச் சுட்டுவதற்கு மட்டுமே; எண்ணைப் பாதி மறைத்துக் காட்டும் பழக்கத்தை அரசு கைவிடப்போகிறது என்றது. இத்தனை வருடமாக "எண்ணைக் கொடுக்காதே, மறைத்து வை" என்று கேட்டுப் பழகிய ஊருக்கு இது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. டிசம்பர் 19ஆம் தேதி அமைச்சர்கள் ஜோசஃபின் டியோவும் இந்திராணி ராஜாவும் செய்தியாளர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்கள். அரசாங்கச் சேவைத் தலைவர் லியோ யிப் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 2025 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. 2024 ஜூலையில் அமைச்சு எல்லா அரசு அமைப்புகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மறைத்த எண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்பது அதன் கருத்து. மறைத்த எண் இருக்கும் இடத்தில் முழு எண்ணைக் காட்டவேண்டும் என்று அக்ரா அதைப் புரிந்துகொண்டது. வேண்டுமென்று யாரும் தவறு செய்யவில்லை என்றும் குழு சொன்னது.

ஆக, தனிநபர் தகவல் பாதுகாப்பு பற்றி நாட்டுக்கே பாடம் நடத்தும் அமைச்சும், அதே அரசின் இன்னோர் அமைப்பும், ஒரே தாளை இரண்டு விதமாகப் படித்திருக்கின்றன. இந்த நிலையில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் 70 வயது அம்மாவுக்கு எது புரிந்திருக்கும்?

இந்தக் குழப்பத்தின் வேர் 2024இல் இல்லை. 2019 செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடைத்தொகுதியில் அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டில் எண் கேட்பார்கள். உறுப்பினர் அட்டைக்குக் கேட்பார்கள். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் அட்டையையே வாங்கி மேசை இழுப்பில் போட்டுக்கொள்வார்கள். கூட்டுரிமை வீட்டுக்கு விருந்துக்குப் போனால், வாசலில் பாதுகாவலர் நீட்டும் நோட்டில் உங்களுக்கு முன்னால் வந்த இருபது பேரின் எண்ணையும் படித்துக்கொண்டே உங்கள் எண்ணை எழுதலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையிலேயே நடப்புக்கு வந்துவிட்டன. இருந்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. சட்டம் "நியாயமான காரணம் வேண்டும்" என்றது. கடைக்காரருக்குக் குலுக்கலே நியாயமான காரணமாகப் பட்டது.

அதனால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, திருந்திக்கொள்ள ஒரு வருடம் அவகாசமும் கொடுத்தது. சட்டம் கேட்டால் ஒழிய, அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய, தனியார் நிறுவனம் எதுவும் முழு எண்ணைக் கேட்கக்கூடாது, அட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. வேறு வழி இல்லையென்றால் கடைசி மூன்று இலக்கங்களையும் அவற்றின் பின்னால் வரும் எழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம். விதி எளிமையாக இருந்ததால் ஊர் அதை வேகமாகப் பிடித்துக்கொண்டது. கட்டட வாசல்களில் நோட்டுப் புத்தகம் மறைந்தது. குலுக்கல் சீட்டில் கைப்பேசி எண்ணே போதும் என்று ஆனது. பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்த தகவல் பாதுகாப்புப் பாடம் என்று சிங்கப்பூரில் ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும்.

என் கருத்தில் விதி சரி. அதற்குச் சொன்ன காரணம், அல்லது மக்கள் மனதில் பதிந்த காரணம், தவறு. "எண் ரகசியமானது, வெளியே தெரிந்தால் ஆபத்து" என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையான காரணம் வேறு. கைப்பேசி எண்ணை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், பெயரைக்கூட மாற்றலாம். பிறந்தபோது கொடுத்த எண் சாகும்வரை மாறாது, அது இன்னொருவருக்கும் இருக்காது. பத்துக் கடைகள் தனித்தனியே வைத்திருக்கும் பத்துப் பட்டியல்களில் அந்த எண் இருந்தால், பத்தையும் ஒரே நூலில் கோத்துவிடலாம். நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள், எந்த மருந்தகத்துக்குப் போனீர்கள், யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதெல்லாம் ஒரே ஆளின் கதையாகிவிடும். குறைவாகச் சேகரிக்க வேண்டியது இதற்காகத்தான். அமைச்சு சொன்ன "பெயரைப் போல" என்ற வாதமும் இந்த இடத்தில் முழுதாக ஒட்டவில்லை. சிங்கப்பூரில் எத்தனையோ கிருஷ்ணன்கள் இருக்கிறார்கள், எண் ஒருவருக்குத்தான். அதோடு, எண்ணைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். வேலைக்கு மனுப்போடும் ஐம்பது வயதுக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வயது தெரியும் என்றேன். பாதி மறைத்த எண் ஏன் வெறும் கண்துடைப்பு என்பதும் அங்கிருந்துதான் விளங்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். என்ஆர்ஐசி எண்ணில் முன்னால் ஓர் எழுத்து, நடுவில் ஏழு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. குடிமக்களுக்கு முன் எழுத்து, 2000க்கு முன் பிறந்திருந்தால் எஸ். 2000 முதல் பிறந்தவர்களுக்கு டி. 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமே. கடைசி எழுத்து சும்மா போட்டது அல்ல. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியைக் கொண்டு தேர்ந்தெடுப்பது. தட்டச்சில் பிழை வந்தால் கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு.

இப்போது ஒருவர் 1985இல் பிறந்தவர் என்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் பிறந்தநாள் கேக் படம் போட்டிருந்தாலே போதும். முன் எழுத்து எஸ், முதல் இரண்டு இலக்கம் 85. குலுக்கலில் வென்றவர்கள் பட்டியலில் அவருடைய கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும் இருக்கின்றன. தெரியாதது நடுவே இரண்டு இலக்கம்தான். நூறு சாத்தியங்கள். ஆனால் கடைசி எழுத்துப் பொருந்தவேண்டும் என்ற நிபந்தனை அந்த நூறில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். மிஞ்சுவது ஒன்பது, அதிகம் போனால் பத்து. பள்ளிப் பிள்ளைகூட ஒரு தாளில் போட்டு முடிக்கக்கூடிய கணக்கு. ஆக, மறைத்ததாக நாம் நினைத்த எண் ஏறக்குறைய வெளியேதான் இருந்தது. மறைத்த எண்ணைக் கைவிடவேண்டும் என்று அமைச்சு சொன்னதன் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது. அதைச் சொன்ன நேரமும் விதமும்தான் கெட்டுப்போயின.

முழு எண்களும் பெருமளவில் முன்பே வெளியே போய்விட்டன. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளிலிருந்து சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி எல்லாம் திருடு போயின. அவர்களில் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரத்தைக் குறிவைத்துத் தேடியிருந்தார்கள். அந்த 15 லட்சம் பேர் அன்றைய மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கணினிகளை நிர்வகித்த நிறுவனத்துக்கு 7,50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளி என்று 2019 ஜனவரியில் அபராதம் விழுந்தது. பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தே திருடர் கையில் இருக்கின்றன என்று நாட்டுக்கே தெரியும். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மின்னஞ்சலில் ஆவணம் அனுப்பும் நிறுவனங்கள் என்ன எழுதின? "இந்தக் கோப்பைத் திறக்க உங்கள் பிறந்த தேதியையும் என்ஆர்ஐசியின் கடைசி நான்கு எழுத்துகளையும் சேர்த்துத் தட்டவும்." சேவை நிலையத்துக்குத் தொலைபேசினால் "சார், சரிபார்க்க உங்கள் ஐசி நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, சொன்னதும் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கோளாறு இங்கேதான். தெம்பனிஸில் ஒரு வீட்டின் கதவு எண் தபால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக் குழந்தைவரை எல்லாருக்கும் தெரியும். அந்த எண் தெரிந்த எவரும் கதவைத் திறந்துவிடலாம் என்றால், வீட்டு எண்ணை மறைப்பதா, பூட்டை மாற்றுவதா? நிறுவனங்கள் எண்ணைப் பூட்டாகப் போட்டன. அரசு மக்களிடம் எண்ணை மறைக்கச் சொன்னது. எண் தெரிந்த ஒரே காரணத்தால் உள்ளே விடாதீர்கள் என்று நிறுவனங்களிடம் அழுத்தமாகச் சொல்ல 2025 ஜூன் 26 வரை ஆனது. அன்றுதான் ஆணையமும் சைபர் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டன: அடையாள அட்டை எண்ணைக் கடவுச்சொல்லாகவோ, ஆளை உறுதிசெய்யும் வழியாகவோ பயன்படுத்துவதைக் கூடிய சீக்கிரம் நிறுத்துங்கள், எண்ணோடு பிறந்த தேதி போல எளிதில் கிடைப்பதைச் சேர்ப்பதும் உதவாது. வரிசைப்படி இது முதலில் வந்திருக்கவேண்டும். பூட்டை மாற்றிவிட்டு, அப்புறம் எண் ரகசியம் இல்லை என்று சொல்லியிருந்தால் டிசம்பர் குழப்பமே வந்திருக்காது.

நிறுவனங்களுக்குப் பாடம் நடத்துவதில் ஆணையத்துக்கு நல்ல கருவி ஒன்று உண்டு. கருத்தரங்கையோ சுவரொட்டியையோ சொல்லவில்லை. விதி மீறிய நிறுவனத்தின் பெயரோடு, என்ன நடந்தது, எங்கே சறுக்கியது என்று விரிவாகத் தீர்ப்புகளை இணையத்தில் போடுகிறார்கள். 2016 ஏப்ரலில் கே பாக்ஸ் கராவோக்கே நிறுவனத்துக்கு விதித்த 50,000 வெள்ளி அபராதம் அந்த வரிசையில் முக்கியமானது. 3,17,000 உறுப்பினர்களின் விவரம் 2014இல் இணையத்தில் கொட்டப்பட்டது. பலவீனமான கடவுச்சொல், யாரும் தொடாமல் விட்டுவைத்த கணக்கு, தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி இல்லாமை என்று காரணங்கள் எல்லாம் சாதாரணமானவை. ஒரு சிறு கடைக்காரர் அதைப் படித்தால் "ஐயோ, நம்ம கடையிலும் இப்படித்தானே" என்று உடனே உறைக்கும். பத்துப் பயிலரங்கு செய்யாததை ஒரு தீர்ப்பு செய்யும். ஆனால் தமிழிலோ சீனத்திலோ மலாயிலோ கணக்கு எழுதும் சிறு வியாபாரி ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தீர்ப்பைத் தேடிப் போய்ப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டமும் காலப்போக்கில் இறுகியிருக்கிறது. 2021 பிப்ரவரி முதல், 500 பேருக்குக் குறையாதவர்களைப் பாதிக்கும் கசிவு, அல்லது ஒருவருக்கேனும் கணிசமான தீங்கு தரக்கூடிய கசிவு என்று மதிப்பிட்டால் மூன்று நாளுக்குள் ஆணையத்திடம் சொல்லியாகவேண்டும். 2022 அக்டோபர் முதல் அபராத உச்சம், பெரிய நிறுவனங்களுக்கு, சிங்கப்பூரில் அவை செய்யும் ஆண்டு விற்றுமுதலில் 10 விழுக்காடுவரை போகலாம். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தகவல் பாதுகாப்பு அதிகாரியை நியமித்தாகவேண்டும். மூன்று பேர் வேலை பார்க்கும் கடையில் அந்த அதிகாரி முதலாளியேதான். எதற்கு நியமனம் என்று அவருக்கே தெரியாமல் இருப்பது தனிக் கதை.

இந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு வேறு சட்டமும் உள் விதிகளும் இருக்கின்றன. அவை இளகியவை என்று சொல்லமுடியாது. ஆனாலும் தனியார் கசியவிட்டால் பெயர் போட்டு அபராதம், அரசு கசியவிட்டால் ஆய்வுக் குழு என்ற எண்ணம் மக்களிடம் இருக்கிறது. அக்ரா விவகாரத்துக்குப் பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டது. பாடம் நடத்துபவர் மேல் நம்பிக்கை இல்லையென்றால் பாடம் ஏறாது.

எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் உண்மையான ரகசியங்கள் பின்னால் போய்விட்டன என்பதும் என் வருத்தம். 2019 ஜனவரியில் 14,200 எச்ஐவி நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் வெளியானது தெரியவந்தது. அந்தப் பட்டியலிலும் அடையாள எண்கள் இருந்தன. எண் போனதற்காக அங்கே யாரும் தூக்கம் இழக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இருந்த நோயின் பெயர் வேலையைப் பறிக்கும், குடும்பத்தைக் குலைக்கும். அதைத் திரும்பப் பெற வழியே இல்லை. எந்தத் தகவல் கசிந்தால் என்ன ஆகும் என்று மக்களுக்குச் சொல்லித்தரும்போது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

தமிழகத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஆதார் நினைவுக்கு வந்திருக்கும். 2018 ஜூலையில் அப்போதைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். ஆட்கள் அவருடைய கைப்பேசி எண் முதலான விவரங்களைத் தோண்டி எடுத்துப் போட்டார்கள். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரையே கொடுங்கள் என்று எச்சரித்தது; இரண்டு நாளில் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. இங்கும் அங்கும் ஒரே தடுமாற்றம்தான்.

சிங்கப்பூரில் இன்று ஏமாற்றுக்காரர் தொலைபேசியில் அழைத்து, காவல்துறை என்றோ வங்கி என்றோ சொல்லி, உங்கள் முழு எண்ணையும் தப்பில்லாமல் படித்துக் காட்டுகிறார். எண் ரகசியம் என்று நம்பிப் பழகியவர் உடனே மடங்கிவிடுகிறார்: "என் ஐசி நம்பர் தெரிந்திருக்கிறதே, அப்போ நிஜமான அதிகாரிதான்." 2024இல் மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளிக்கு மேல். ரகசியம் என்ற பழைய பாடம் இங்கே நேராகவே திருடருக்கு உதவுகிறது. மூத்தவர்களுக்கு இனிச் சொல்லவேண்டியது இதுதான்: எண்ணைச் சொல்லத் தெரிந்தவர் எவர் மேலும் அதனால் நம்பிக்கை வரவேண்டாம்; சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு மோசடி பற்றிய உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

எண்ணை இப்படிப் பொத்திப் பொத்திக் காத்த அதே ஊரில், உண்மையான சாவி சிங்பாஸ் என்ற அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு. வரி, மத்திய சேம நிதி, வங்கிக் கணக்குத் திறப்பது, மருத்துவக் குறிப்பு எல்லாம் அதன் வழியே திறக்கும். அதை என்ன செய்கிறோம்? "தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது, நீயே பார்த்துப் போடு" என்று கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் தெரிந்த பையனிடம் நீட்டுகிறோம். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் ஊழியரிடம், சீட்டைப் புதுப்பிக்கவேண்டும், பணம் அனுப்பும் செயலியைப் போட்டுத் தருகிறேன் என்று கேட்டால் தங்கும் விடுதியில் பலர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார்கள். சிலர் சில நூறு வெள்ளிக்கு விற்கவும் செய்தார்கள். அந்தக் கணக்குகளின் பேரில் வங்கிக் கணக்குத் திறந்து மோசடிப் பணம் ஓடியது. 2023 மே மாதம் நாடாளுமன்றம் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தைத் திருத்தியது; 2024 பிப்ரவரி முதல், குற்றத்துக்கு உதவும் வகையில் தன் சிங்பாஸ் விவரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதே குற்றம். 10,000 வெள்ளிவரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

இராமநாதபுரத்திலிருந்தோ திருவாரூரிலிருந்தோ வந்து கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இந்தச் சட்டம் யார் வாயால், எந்த மொழியில் போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் அவர் பிழைப்பும் சிறையும் தீர்மானமாகும். அவருடைய வேலை அனுமதி அட்டையில் இருக்கும் ஃபின் எண்ணை, அதாவது வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணை, முதலாளி, முகவர், விடுதி, மருந்தகம், பணம் அனுப்பும் கடை என்று ஐந்து பேர் முன்பே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை அவரால் தடுக்கவும் முடியாது. அவர் கையில் இருப்பது கடவுச்சொல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் கூடும் கூட்டத்திடம் போய்த் தமிழில், "எண்ணைப் பற்றிக் கவலைப்படாதே அண்ணே, சிங்பாஸை மட்டும் முதலாளி கேட்டாலும் முகவர் கேட்டாலும் கொடுக்காதே" என்று சொல்வதற்குப் பெரிய பிரச்சாரம் தேவையில்லை, சில தொண்டர்களும் ஒரு மேசையும் போதும்.